பம்ப் லைனுக்கு ஆண்டான் விளக்கு: ஒரு சீசன் ஓட்டிப் பார்த்ததில்

லைனில் எங்கே சிக்கல் வந்தாலும் பட்டனை அமுக்கினால் விளக்கு எரிந்து ஆளைக் கூப்பிடுகிற ஆண்டான் சிஸ்டத்தை வாங்கி ஒரு சீசன் ஓட்டினோம். முதலிலேயே மார்க் போட்டுவிடுகிறேன், நேரமில்லாதவர்கள் அதோடு போய்விடலாம். விளக்குக்கும் பட்டனுக்கும் 5க்கு 4. கூட வந்த சாஃப்ட்வேருக்கு 2. மாட்டிக் கொடுத்தவர்களுக்கு 3, அதுவும் கடைசியாக வந்த பையன் ஒழுங்காக வேலை பார்த்ததால்தான். டிவிக்கு மார்க்கே கிடையாது, கழற்றிக் கொண்டுபோய் கேன்டீனில் மாட்டிவிட்டோம்.

நான் கோயம்புத்தூரில் கணபதி பக்கம் ஒரு பம்ப் கம்பெனியில் புரொடக்‌ஷன் பார்க்கிறேன். பெரிய கம்பெனி எல்லாம் இல்லை. வீட்டுக்கும் தோட்டத்துக்கும் போகிற, மோட்டாரும் பம்ப்பும் ஒரே உடலாக வரும் மோனோபிளாக் பம்ப், ஒரே ஒரு அசெம்ப்ளி லைன், ரோலர் கன்வேயரில் கையால் தள்ளிவிடுகிற வகை, 14 ஸ்டேஷன். பேரிங் பிரஸ்ஸில் ஆரம்பித்து மெக்கானிக்கல் சீல் (ஷாஃப்ட் ஓரமாகத் தண்ணீர் கசியாமல் தடுப்பது), இம்பெல்லர், கேசிங் (பம்ப்பின் வெளிக்கூடு), டெர்மினல் ஒயரிங், லீக் டெஸ்ட், பெர்ஃபாமன்ஸ் டெஸ்ட், பெயின்ட், பேக்கிங் என்று போகும். பிப்ரவரி பாதியில் இருந்து மே வரைக்கும் எங்களுக்குச் சீசன். கிணற்றில் தண்ணீர் இறங்க இறங்க இங்கே ஆர்டர் ஏறும்.

அந்த நேரத்தில் லைனில் ஒரு சின்ன விஷயம் கெட்டால் என்ன ஆகும் என்று சொல்கிறேன். லீக் டெஸ்ட் பெஞ்சில் கிளாம்ப் சிலிண்டருக்குப் போகிற ஏர் ஹோஸ் கழன்றுகொள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே நிற்கும் பையன் முதலில் தானே திணித்துப் பார்ப்பான். பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிட்டு மெயின்டெனன்ஸ் ரூமுக்கு நடப்பான், அங்கே ஆள் இருக்கமாட்டார், மெஷின் ஷாப் பக்கம் போயிருப்பார், ஃபோன் அடித்தால் கிரைண்டிங் சத்தத்தில் அவருக்குக் கேட்காது, திரும்பி வரும் வழியில் என்னைப் பார்த்து என்னிடம் சொல்வான், அப்புறம் நான் கிளம்புவேன். இதற்குள் 20 நிமிஷம் போயிருக்கும். அவனுக்கு முன்னால் பம்ப் வரிசை கட்டி நிற்கும், அவனுக்கு அப்புறம் இருப்பவர்கள் டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். ஹோஸை மாற்றுவது 4 நிமிஷ வேலை.

இன்னொன்று. லைனில் பாதிப் பேர் ஒடிசா, பீகார் பையன்கள். நல்ல வேலைக்காரர்கள். ஆனால் இரைச்சலில் கத்தித் தமிழிலும் இந்தியிலும் மாற்றி மாற்றிப் பேசி, கேஸ்கெட் தீர்ந்துபோச்சா, கேஸ்கெட் சரியில்லையா என்று புரிந்துகொள்வதற்குள் ஒருவழி ஆகிவிடும். விளக்குக்கு பாஷை வேண்டாம். வாங்கலாம் என்று முடிவெடுத்ததற்குப் பாதிக் காரணம் இதுதான்.

ஆண்டான் என்பது ஜப்பானியச் சொல். காகிதம் ஒட்டிய பழைய கால விளக்கின் பெயர். டொயோட்டா தொழிற்சாலைகளில் எந்த ஸ்டேஷனில் சிக்கல் என்று காட்டும் விளக்குப் பலகைக்கு அந்தப் பெயரை வைத்தார்கள், இப்போது உலகம் முழுக்க அதே பெயர்தான். அங்கே தொழிலாளி தலைக்கு மேலே ஓடும் கயிற்றை இழுப்பார், விளக்கு எரியும், டீம் லீடர் வருவார். கயிற்றை இழுத்த உடனே லைன் நிற்காது, வண்டி அந்த ஸ்டேஷனின் எல்லைக் கோட்டைத் தொடும்வரை ஓடும், அதற்குள் சரி செய்ய முடியாவிட்டால்தான் நிற்கும். கயிற்றை இழுத்தாலே ஃபேக்டரி ஸ்தம்பித்துவிடும் என்று நினைத்துக்கொண்டு பயப்படுகிற முதலாளிகள் இதைக் கவனிக்கவும்.

எங்கள் ஊருக்கு இது ஒன்றும் அந்நியமான விஷயம் இல்லை. இதன் வேர் காரில் கிடையாது, தறியில். சகிச்சி டொயோடா 1924ல் முடித்த ஜி வகை தானியங்கித் தறியில் நூல் அறுந்தால் தறி தானாக நின்றுவிடும். கெட்ட துணி நெய்வதைவிட நிற்பது மேல் என்பதுதான் கணக்கு. அந்தத் தறியின் காப்புரிமையை 1929ல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் வாங்கினார்கள். டொயோட்டாவின் கார்த் தொழிலே 1933ல் அந்தத் தறிக் கம்பெனியின் ஒரு பிரிவாக ஆரம்பித்ததுதான். என் அப்பா ஸ்பின்னிங் மில்லில் சிம்ப்ளெக்ஸ் என்கிற மெஷின் ஓட்டியவர். அவரிடம் ஆண்டான் பற்றிப் பெருமையாக விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மிஷின் மேல லைட் எரிஞ்சா ஓடோணும், அவ்வளவுதானே? அதை நாங்க முப்பது வருசம் பண்ணியாச்சு" என்றார்.

சரி, வாங்கியது என்ன என்பதற்கு வருகிறேன். சப்ளையர் பெயர் வேண்டாம், நம்ம ஊர் ஆட்கள்தான், இன்றைக்கும் ஃபோன் எடுக்கிறார்கள், அதற்கே ஒரு மார்க் கொடுக்கலாம். ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் மூன்று பட்டன் வைத்த ஒரு பெட்டி, அதன் மேலே குழாயில் நிற்கிற ஒரு விளக்கு, அதிலேயே பஸ்ஸர். பெட்டியில் இருந்து ரிசீவருக்கு வயர்லெஸ். ரிசீவரில் இருந்து கம்ப்யூட்டர், கம்ப்யூட்டரில் இருந்து டிவி. ஸ்டேஷனுக்கு 10,000 ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே வந்தது, டிவியும் சாஃப்ட்வேரும் தனி, சாஃப்ட்வேருக்கு வருஷ சந்தா வேறு. சந்தா விஷயம் கொட்டேஷனின் இரண்டாம் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்தது, நாங்கள் முதல் பக்கத்தோடு பேரம் பேசி முடித்துவிட்டோம். அது எங்கள் தப்பு.

பட்டன் அருமை. 22 மில்லிமீட்டர் துளையில் உட்கார்கிற வழக்கமான பேனல் பட்டன், எண்ணெய்க் கையோடு அமுக்கினாலும் 'டக்' என்று விரலுக்குத் தெரியும், கெட்டால் டாக்டர் நஞ்சப்பா ரோட்டில் எந்த எலக்ட்ரிகல் கடையிலும் அதே சைஸ் கிடைக்கும். டெமோ காட்டிய இன்னொரு கம்பெனி டச் பட்டன் வைத்திருந்தார்கள், கண்ணாடி மாதிரி பளபளவென்று, கையுறை போட்டால் வேலை செய்யவில்லை. ஃபேக்டரிக்குள் டச் எதற்கு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

நிறத்துக்கு ஒரு மரபு உண்டு. ஐஇசி 60073 என்ற சர்வதேசத் தரநிலையில் சிவப்பு ஆபத்து, மஞ்சள் வழக்கத்துக்கு மாறான நிலை, பச்சை எல்லாம் சரி, நீலம் ஆள் வந்து கட்டாயம் ஏதாவது செய்தாக வேண்டிய நிலை. நாங்கள் அதில் இருந்து ரொம்ப விலகாமல் சிவப்பு மெஷின் நின்றால், மஞ்சள் மெட்டீரியல் தீர்ந்தால், நீலம் குவாலிட்டி சந்தேகம் என்று வைத்துக்கொண்டோம். பச்சையை என்ன செய்வது என்று ஒரு சண்டை நடந்தது. சும்மா எரிகிற பச்சை எதற்கு, 14 பச்சைக்கு நடுவே ஒரு சிவப்பைத் தேட வேண்டுமா என்று நான்தான் முதலில் அணைக்கச் சொன்னேன். இரண்டு வாரத்தில் ஒரு விளக்குக்குப் போகிற ஒயரை எலி கடித்துவிட்டது. அது செத்துக் கிடப்பது மூன்று நாள் யாருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் செத்த விளக்கும் சும்மா இருக்கிற விளக்கும் பார்க்க ஒரே மாதிரி. திரும்பவும் பச்சையைப் போடச் சொல்லிவிட்டேன், வெளிச்சத்தை மட்டும் பாதியாகக் குறைத்து.

விளக்கில் இரண்டு வகை இருக்கிறது, வாங்குகிறவர்கள் இதை மட்டுமாவது கேட்டுவிட்டு வாங்குங்கள். பழைய வகை டவர் லைட்: சிவப்பு, மஞ்சள், பச்சை என்று ஒன்றின் மேல் ஒன்றாகத் தனித்தனி அடுக்கு. ஜப்பான் பேட்லைட், ஜெர்மனி வெர்மா என்ற கம்பெனிகளின் விளக்கைப் பெரிய மெஷின்களின் தலையில் பார்த்திருப்பீர்கள். புது வகையில் ஒரே ஒரு பால் நிற லென்ஸ், உள்ளே சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் சேர்ந்த ஆர்ஜிபி எல்இடி, எந்த நிறம் வேண்டுமோ அந்த நிறத்தில் முழு லென்ஸும் எரியும். பார்க்க அழகு, உயரம் குறைவு, எங்களுக்கு வந்தது அதுதான். ஆனால் அடுக்கு விளக்கில் நிறம் சரியாகத் தெரியாவிட்டாலும் எரிகிற இடம் தெரியும், மேலே எரிந்தால் சிவப்பு. எங்கள் ஸ்டோர்ஸில் ஒருவருக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துப் பார்ப்பதில் சிரமம் உண்டு என்பதே இந்த விளக்கு வந்த பிறகுதான் எல்லோருக்கும் தெரிந்தது. அவருக்கே தெரிந்தது என்றும் சொல்லலாம். அவருக்காக சிவப்பை மட்டும் விட்டு விட்டு எரிய வைத்தோம்.

பெயின்ட் ஸ்டேஷன் கதை தனி. எங்கள் பம்ப் நீல நிறம். ஸ்ப்ரே அடிக்கிற இடத்தில் காற்றில் மிதக்கிற பெயின்ட் கொஞ்சம் கொஞ்சமாக லென்ஸில் படிந்திருக்கிறது, தினமும் பார்க்கிற கண்ணுக்கு அது தெரியாது. மார்ச் மாதம் ஒரு நாள் தின்னர் தீர்ந்துபோய் அந்தப் பையன் மஞ்சள் பட்டனை அமுக்கிவிட்டு நிற்கிறான், நிற்கிறான், யாரும் வரவில்லை. ஸ்டோர்ஸ் ஆளைப் பிடித்துத் திட்டலாம் என்று போனால் அவர், "அங்க பச்சைதானே எரியுது" என்கிறார். போய்ப் பார்த்தால் அவர் சொன்னது நிஜம். அவருடைய கண்ணைக் குறை சொல்லவும் முடியாது, எனக்கும் பச்சையாகத்தான் தெரிந்தது. ஆர்ஜிபி விளக்கில் மஞ்சள் என்று தனியாக ஒன்று கிடையாது, சிவப்பும் பச்சையும் சேர்ந்து எரிவதுதான் மஞ்சள், மேலே படிந்த நீலப் பெயின்ட் சிவப்பை விழுங்கிவிட்டுப் பச்சையை மட்டும் வெளியே விட்டிருக்கிறது. துணியில் தின்னர் நனைத்துத் துடைத்தேன். துடைத்ததில் லென்ஸ் மங்கிப்போனது, பிளாஸ்டிக்கில் தின்னர் படக்கூடாது என்று அப்போதுதான் உறைத்தது. இப்போது அந்த ஒரு விளக்குக்கு மேல் சமையலறை கிளிங் ஃபிலிம் சுற்றி வாராவாரம் மாற்றுகிறோம். வாரத்துக்கு ஒரு ரூபாய்கூட ஆகாது.

வெயில் இன்னொரு பிரச்சினை. எங்கள் கூரையில் வெளிச்சத்துக்காக நடுநடுவே ஃபைபர் ஷீட் போட்டிருக்கிறோம். காலை 11 மணிக்கு ஸ்டேஷன் 9 மேல் நேராக வெயில் விழும், அப்போது அந்த விளக்கு எரிகிறதா இல்லையா என்று கிட்டே போனால்தான் தெரியும். சப்ளையர் கூடுதல் வெளிச்ச மாடல் இருக்கிறது என்று இன்னொரு கொட்டேஷன் அனுப்பினார். எங்கள் மெயின்டெனன்ஸ் அண்ணன் 6 இன்ச் பிவிசி குழாயை நீளவாக்கில் பாதியாக வெட்டி, உள்பக்கம் கருப்பு பெயின்ட் அடித்து, வெயில் வருகிற பக்கம் தடுப்பாக மாட்டிவிட்டார். முடிந்தது.

இப்போது வயர்லெஸ். இதில்தான் எனக்குக் கோபம். டெமோ நடந்தது ஜனவரியில். கடைசி ஸ்டேஷனில் இருந்து ரிசீவர் வரை அழகாக சிக்னல் வந்தது, எம்.டி. கைதட்டாத குறை. பிப்ரவரி கடைசியில் சீசன் ஸ்டாக் வந்து இறங்கியது, லைனுக்கும் ஆபீசுக்கும் நடுவில் இருக்கிற ரேக் முழுக்க வார்ப்பிரும்பு கேசிங், தரையில் இருந்து மேலே வரை. அன்றில் இருந்து ஸ்டேஷன் 11 முதல் 14 வரை சிக்னல் வரும், வராது, வரும். இரும்புச் சுவர் கட்டினால் ரேடியோ எப்படிப் போகும்? ஜனவரியில் அந்த ரேக் காலியாக இருந்ததை அவர்களும் யோசிக்கவில்லை, நாங்களும் யோசிக்கவில்லை. அவர்கள் கொடுத்தது 2.4 கிகாஹெர்ட்ஸ், அதே அலைவரிசையில் எங்கள் ஆபீஸ் வைஃபையும் ஓடுகிறது, எல்லோர் பையிலும் ப்ளூடூத் இருக்கிறது. இந்தியாவில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தலாம், அந்த அலை தடைகளைக் கொஞ்சம் நன்றாகவே தாண்டும், அந்த மாடலும் அவர்களிடமே இருக்கிறது. ஆனால் இதையெல்லாம் நான் யூடியூபில் பார்த்துக் கேட்ட பிறகுதான் சொன்னார்கள். கடைசியாக வந்த பையன் என்று சொன்னேனே, அவன் வந்து ரேக்குக்கு மேலே இன்னொரு ரிசீவர் வைத்து, அங்கிருந்து கேபிள் இழுத்தான். அதற்கப்புறம் பிரச்சினை இல்லை.

சிக்னல் வராததைவிட மோசம், வரவில்லை என்பது அமுக்கினவனுக்குத் தெரியாதது. எங்கள் பெட்டியில் பட்டனை அமுக்கியதும் விளக்கு அங்கேயே எரிந்துவிடும், ஆனால் டிவிக்கும் ஃபோனுக்கும் தகவல் போய்ச் சேர்ந்ததா என்று காட்ட எதுவும் இல்லை. நல்ல சிஸ்டத்தில் அமுக்கினதும் பட்டன் சிமிட்டும், தகவல் போய்ச் சேர்ந்ததும் நிலையாக எரியும், ஆள் கிளம்பிவிட்டார் என்றால் வேறு மாதிரி காட்டும். வாங்கும்போது இதைக் கேளுங்கள்.

பஸ்ஸரைப் பற்றி ஒரு வரி போதும்: மூன்றாவது நாளே எல்லாப் பஸ்ஸரிலும் இன்சுலேஷன் டேப் ஒட்டியிருந்தது.

டிவி. 43 இன்ச், லைன் முடிவில் மாட்டினோம். டார்கெட் எவ்வளவு, ஆனது எவ்வளவு, எந்த ஸ்டேஷனில் என்ன நிறம் என்று அழகாகக் காட்டும், காட்டும்போது. ஸ்மார்ட் டிவி என்பதால் காலை ஷிஃப்டில் கரன்ட் போய் ஜெனரேட்டர் மாறி வந்தால் அது தன் ஹோம் ஸ்க்ரீனில் போய் நின்றுகொள்ளும், ரிமோட் செக்யூரிட்டி ரூமில் இருக்கும். சீசன் நேரம் ஐபிஎல் நேரமும்கூட. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைமில் நான் உள்ளே வந்தபோது டார்கெட்டுக்குப் பதில் ஸ்கோர் ஓடிக்கொண்டிருந்தது, உண்மையைச் சொன்னால் அன்றைக்குத்தான் முதல்முறையாக லைனில் எல்லோரும் அந்த டிவியைப் பார்த்தார்கள். பெரிய சிவப்பு எண்கள் எரிகிற சாதாரண எல்இடி போர்டு வாங்கியிருக்கலாம். அதற்கு ஹோம் ஸ்க்ரீன் கிடையாது.

சாஃப்ட்வேருக்கு 2 மார்க் என்றேன், காரணம் கேளுங்கள். முதல் மாத ரிப்போர்ட் எடுத்தால் எங்கள் ஸ்டாப்பேஜ் பாதி விடிகாலை இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் நடந்திருக்கிறது. நாங்கள் நைட் ஷிஃப்டே ஓட்டுவதில்லை. எம்.டி. என்னைப் பார்க்கிறார், நான் ரிப்போர்ட்டைப் பார்க்கிறேன். ஒரு மணிநேரம் மண்டையை உடைத்த பிறகு எல்லாமே சரியாக ஐந்தரை மணிநேரம் முன்னால் இருக்கிறது என்று பிடிபட்டது. சர்வர் லண்டன் கணக்கில் நேரம் எழுதிக்கொண்டிருந்திருக்கிறது, நம்ம நேரத்துக்கு மாற்றிக் காட்ட மறந்துவிட்டார்கள். மூன்று ஃபோன் கால், சரியானது. அப்புறம் எஸ்எம்எஸ். 3 நிமிஷம் யாரும் வராவிட்டால் எனக்கு, 10 நிமிஷம் ஆனால் மெயின்டெனன்ஸ் ஹெட்டுக்கு, 20 நிமிஷம் ஆனால் எம்.டி.க்கு எஸ்எம்எஸ் போகும் என்று விற்றார்கள். ஒரு எஸ்எம்எஸ் வரவில்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி கம்பெனியில் இருந்து அனுப்புகிற எஸ்எம்எஸ்ஸுக்கு அனுப்புபவர் பெயர், வாசகம் எல்லாவற்றையும் டெலிகாம் கம்பெனிகளின் டிஎல்டி என்கிற பதிவுத் தளத்தில் பதிவு செய்ய வேண்டும், அதைச் செய்யாமலே விற்றிருக்கிறார்கள். கடைசியில் ஆப்பில் நோட்டிஃபிகேஷனாக மாற்றிக் கொடுத்தார்கள். அது வந்தது. ஒழுங்காக வந்தது. அதில்தான் பெரிய வினையும் வந்தது.

எம்.டி. ஃபோனில் 20 நிமிஷ எச்சரிக்கை மட்டும்தான் வர வேண்டும். அவர் ஆர்வத்தில் எல்லாவற்றையும் ஆன் செய்துகொண்டார். ஸ்டேஷன் 3ல் மஞ்சள் எரிந்தால் சென்னையில் டீலர் மீட்டிங்கில் இருக்கிற அவர் ஃபோன் அதிரும், உடனே எனக்கு ஃபோன், "என்னாச்சு அங்க?" நான் ஸ்டேஷன் 3க்குப் போய், "என்னாச்சு இங்க?" மெயின்டெனன்ஸ், ஸ்டோர்ஸ், க்யூசி (குவாலிட்டி பார்க்கிறவர்) மூன்று பேரும் தனித்தனியாக வந்து அதையே கேட்பார்கள். நல்ல எண்ணத்தில்தான் எல்லோரும் செய்தோம். இரண்டாவது மாதம் சிவப்பும் நீலமும் பாதிக்குமேல் குறைந்துவிட்டது. எம்.டி. சந்தோஷம், எனக்கும் உள்ளுக்குள் பெருமை.

ஏப்ரலில் ஒரு மதியம் லீக் டெஸ்டில் அடுத்தடுத்து ஷாஃப்ட் பக்கம் சொட்டுகிறது. ஒன்று, இரண்டு, ஐந்து. பிரித்துப் பார்த்தால் மெக்கானிக்கல் சீலின் செராமிக் வளையத்தில் ஓரம் பெயர்ந்திருக்கிறது, நகக்கண் அளவுகூட இல்லை, விரலை ஓட்டினால் நெருடும். சீல் மாட்டுகிற ஸ்டேஷன் 5ல் இருக்கும் அக்காவுக்கு இந்த வேலையில் என்னைவிட அனுபவம் அதிகம். செராமிக் முகத்தில் விரல் படக்கூடாது என்று புதுப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுப்பதே அவர்தான். அவர் கண்ணில் இது தப்பியிருக்க வாய்ப்பே இல்லை. போய்க் கேட்டேன்.

"பார்த்தனுங்க தம்பி. காலைல பொட்டி பிரிக்கறப்பவே ரெண்டு மூணுல இருந்துச்சு. பொறுக்கி ஓரமா வெச்சுட்டு மத்ததைப் போட்டேன். எல்லாத்தையும் வெளிச்சத்துல புடிச்சுப் பார்த்துட்டு இருக்க முடியுங்களா?"

"நீல பட்டனை அமுக்கியிருக்கலாம்ல அக்கா?"

"போன வாரம் அமுக்குனதுக்கே நாலு பேரு வந்து ஏன் நிறுத்துனேன்னு கேட்டாங்க. அதுல ஒருத்தர் நீங்க."

அதற்கு மேல் நான் எதுவும் பேசவில்லை. அன்று சாயந்திரம் 40 பம்ப்பைத் திரும்பப் பிரித்தோம். நானும் உட்கார்ந்து பிரித்தேன். அந்தப் பெட்டியில் இருந்த மிச்ச சீலை ஒவ்வொன்றாக டியூப் லைட்டுக்குக் கீழே பிடித்துப் பார்த்தோம், அக்கா பொறுக்கி வைத்திருந்த மூன்றும் ஒரு டீ கப்பில் அவர் மேஜை மேலேயே இருந்தன.

அடுத்த நாள் எம்.டி.யிடம் பேசினேன். கொஞ்சம் முறைத்தார், பிறகு அவரே தன் ஃபோனில் ஆப்பை எடுத்துவிட்டார், வாரம் ஒருமுறை ரிப்போர்ட் போதும் என்றார். விளக்கு எரிந்தால் முதலில் ஒரே ஒரு ஆள் போவது, நீலம் என்றால் க்யூசி, சிவப்பு என்றால் மெயின்டெனன்ஸ், மஞ்சள் என்றால் ஸ்டோர்ஸ், நான் 10 நிமிஷத்துக்கு அப்புறம்தான். போகிறவர் 'ஏன்' என்ற வார்த்தையில் ஆரம்பிக்கக் கூடாது, 'காட்டுங்க' என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். இது எழுதி ஒட்டின விதி இல்லை, வாய்ப்பேச்சுதான், முதல் வாரம் நானே இரண்டு தடவை தவறினேன். மே மாதம் நீல விளக்கு மூன்று மடங்கு எரிந்தது, லீக் டெஸ்டில் திரும்பி வருவது குறைந்தது. சிஸ்டம் வாங்கும்போது சப்ளையர் காட்டிய பவர்பாயின்டில் 'அலர்ட் எண்ணிக்கை குறையும்' என்று ஒரு கிராஃப் இருந்தது, கீழ்நோக்கி இறங்குகிற பச்சைக் கோடு. அந்தக் கோட்டை நம்பித்தான் ஏமாந்தோம்.

ரீசெட்டும் சொல்ல வேண்டும். ரிப்பேர் முடிந்ததும் விளக்கை யார் அணைப்பது? எங்கள் சிஸ்டத்தில் மெயின்டெனன்ஸ் ஆள் வந்ததும் ஒரு கார்டைக் காட்ட வேண்டும், முடிந்ததும் இன்னொரு தடவை. வந்து சேர எவ்வளவு நேரம், சரி செய்ய எவ்வளவு நேரம் என்று தனித்தனியாகக் கணக்கு வரும், யோசனை நல்ல யோசனை. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் வந்து சேரும் நேரம் சராசரி 20 வினாடி. எங்கள் மெயின்டெனன்ஸ் அண்ணனுக்குக் காலில் சக்கரம் கட்டினாலும் அது நடக்காது. விசாரித்தால் கார்டு ஸ்டேஷன் 8 தூணில் ஒரு ஆணியில் தொங்குகிறது, பட்டனை அமுக்குகிறவனே அடுத்த கையால் கார்டையும் காட்டிவிடுகிறான். இப்போது கார்டு கிடையாது. யார் பட்டனை அமுக்கினாரோ அவரே, வேலை திருப்தியாக முடிந்தால், நீளமாக அமுக்கி அணைக்கிறார்.

வயர்லெஸ் இல்லாமல் இதைச் செய்ய முடியாதா என்றால், தாராளமாக முடியும். லைன் இடம் மாறாது, ஸ்டேஷன் 20க்குக் கீழே என்றால் கரன்ட் கொடுக்க 24 வோல்ட் எஸ்எம்பிஎஸ் ஒன்று, மல்டிகோர் கேபிள், அடுக்கு டவர் லைட், மெஷினை இயக்குகிற கன்ட்ரோலரான பிஎல்சி ஏற்கெனவே இருந்தால் அதில் சில இன்புட், நம்ம எலக்ட்ரீஷியன் ஒரு வாரத்தில் முடிப்பார். விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாற்றுகிற டிரைவ்), வெல்டிங் கேபிளோடு சேர்த்துக் கட்டாமல் தனி ட்ரேயில் இழுத்தால் போதும், இல்லாவிட்டால் யாரும் தொடாமலே விளக்கு எரியும். ரிப்போர்ட் வேண்டும் என்பவர்களுக்குத்தான் சாஃப்ட்வேர். எங்களுக்கு ரிப்போர்ட் உபயோகமாகத்தான் இருந்தது, அதை மறைக்க மாட்டேன்: மஞ்சள் விளக்கில் பாதி கேஸ்கெட்டுக்காகத்தான் எரிகிறது என்று தெரிந்து, ஸ்டோர்ஸில் இருந்த கேஸ்கெட் பெட்டியை லைன் ஓரத்துக்கு நகர்த்தினோம், அவ்வளவுதான் செலவு.

இரண்டாவது லைன் ஆடி கழிந்து போடுகிறோம். அதே சப்ளையரிடம்தான் கொட்டேஷன் கேட்டிருக்கிறேன், பட்டனுக்காகவும் அந்தப் பையனுக்காகவும். அடுக்கு விளக்கு, 865 மெகாஹெர்ட்ஸ், அமுக்கினால் சிமிட்டுகிற பட்டன், பஸ்ஸர் இல்லாமல், சந்தா எவ்வளவு என்பது முதல் பக்கத்தில். டெமோவுக்கு ரேக் நிறைய கேசிங் அடுக்கி வைத்துவிட்டுத்தான் கூப்பிடுவேன் என்றும் சொல்லியிருக்கிறேன். டிவி வேண்டாம் என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறேன், இருந்தும் நேற்று வந்த கொட்டேஷனில் 55 இன்ச் போட்டு அனுப்பியிருக்கிறார்கள்.